கொடிமலையில் விட்டு வந்த பெண்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பாடகர் குழு பினாங்கில் எங்கள் சபைக்கு வந்திருந்தது. அவர்களுக்கு மாலைச் சிற்றுண்டியாக, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரிக்கும் கறிபாப் செய்து தருவதாக நான் பெயர் கொடுத்திருந்தேன். என் பங்கு அவ்வளவுதான். ஊர் சுற்றிக் காட்ட வேண்டியவர் சபைச் செயலாளர். சனிக்கிழமை மாலை அவருடைய மாமனார் தைப்பிங்கில் தவறிவிட்டார். இரவு ஏழு மணிக்குப் பாஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. பஸ்ல முன்னுக்கு உக்காந்து, இது இன்னது அது இன்னதுன்னு சொன்னா போதும்."

முடியாது என்று சொல்லவும் பேச வேண்டும். அதற்குச் சரி என்பதே சுலபமாக இருந்தது.

பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள் நான். இருபத்தெட்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் சர்க்கியூட் போர்டுகளைப் பார்க்கிறேன். தப்பான போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோவிலிலும் கடைசிக்கு முந்தைய பெஞ்சில்தான் உட்காருவேன். செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இடங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலை சுங்கை பினாங்கிலிருந்து இருபத்தேழு கறிபாப் பொட்டலங்களோடு கிளம்பினேன். மாணவர்கள் இருபத்து நான்கு பேர், அவர்களுடைய சார், பஸ் டிரைவர், நான்.

காலை ஆராதனையில் அவர்கள் மூன்று பாட்டுப் பாடினார்கள். எல்லோரும் நீலச் சட்டையும் நீலச் சுடிதாருமாக நான்கு வரிசையில் நின்றார்கள். பெண்களில் மேல்குரல் பாடுகிறவர்கள் சோப்ரானோ, கீழ்க்குரல் பாடுகிறவர்கள் ஆல்ட்டோ. ஆண்களில் அதேபோல் டெனர், பேஸ். வரிசைக்கு ஆறு பேர், ஆளுக்கொரு நோட்டு. அதில் பாட்டு வரிகளுக்கு மேல் டோ, ரே, மீ என்கிற சோல்ஃபா எழுத்துகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.

பாட ஆரம்பிக்கும் முன் சின்னக் குழப்பம் ஒன்று நடந்தது. சோப்ரானோவில் ஒரு பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முந்தின நாள் ஐஸ் கச்சாங் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாளாம். சார் ஆல்ட்டோ வரிசையைப் பார்த்து, கடைசியில் நின்ற ஒல்லியான பெண்ணைக் கைகாட்டினார்.

"நீ இன்னைக்கு முழுக்க சோப்ரானோ. போ அங்க."

அவள் நோட்டை அணைத்துக்கொண்டு போனாள். சோப்ரானோ பெண்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் பாதி மறைந்தபடி நின்று பாடினாள். எனக்கு அந்தக் குழுவில் முகம் பதிந்தது அவள் ஒருத்தியுடையதுதான்.

பாட்டு நாளில் மாணவர்கள் கையில் போன் இருக்கக் கூடாது என்பது சாருடைய சட்டம். எல்லோருடைய போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி, அதைத் தன் காலடியிலேயே வைத்திருந்தார். ஆராதனைக்குப் பிறகு கோவில் ஹாலில் சாப்பாடு. அது முடிந்ததும் பஸ் ஏறினோம். டிரைவர் என்னிடம் மைக்கை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மைக்கு கடிக்காதுலா அக்கா, பேசுங்க."

"இது... பாடாங். அது டவுன் ஹால்," என்றேன். அதற்குள் பஸ் அந்தப் பாடாங் மைதானத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "ஆன்ட்டி, அந்த வெள்ளையா பெருசா இருக்கே, அது என்னது?"

தாளைப் பார்த்தேன். அது தாளில் இல்லை.

"அது ஒரு கட்டடம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அக்கா சொன்னது சரிதானே, கட்டடந்தான்லா அது!" அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் பிள்ளைகள், "ஆன்ட்டி, அது மரமா? அது ரோடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மனம் புண்படும் கேலி இல்லை. எனக்கும் பேச வேண்டிய அவசியம் குறைந்தது. ஆயர் ஈத்தாமில் மலைமேல் பெரிய சீனக் கோயில் தெரிந்தபோது மட்டும் நானாகவே, "அது புத்தர் கோயில்," என்றேன். கை தட்டினார்கள்.

பினாங்கு கொடிமலைக்கு ரயிலில் ஏறும்போது மணி இரண்டரை. அந்த ரயில் சரிவில் செங்குத்தாக ஏறும். பிள்ளைகள் கத்திக்கொண்டே போனார்கள். மேலே ஜார்ஜ் டவுனும் கடலும் பாலமும் அதற்கப்பால் பட்டர்வொர்த்தும் தெரிந்தன. சாயங்காலம் ஆறரைக்குப் பட்டர்வொர்த் சபையில் அவர்கள் பாட வேண்டும். நாலு மணிக்கு இறங்கிவிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு மலைமேல் ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் கூடினார்கள். நான் தாளை எடுத்து, பாலத்துக்குப் போகும் வழியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒல்லியான பெண் என் அருகில் வந்தாள்.

"ஆன்ட்டி, டாய்லெட் போயிட்டு வந்துருதேன். சார்ட்ட சொல்லிருதீங்களா?"

நான் நிமிரவில்லை. ஆனால் கேட்டது. தலையை ஆட்டினேன் என்றுதான் நினைத்தேன். அவள் போய்விட்டாள்.

அடுத்த நிமிடமே சார் கை தட்டினார். அந்தக் குழுவில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. குரல் வாரியாகக் கேட்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லீடர் உண்டு. அவரவர் வரிசையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

"சோப்ரானோ?"

"ஃபுல் சார்!"

"ஆல்ட்டோ?"

"ஃபுல் சார்!"

டெனரும் ஃபுல், பேஸும் ஃபுல். நான் வாயைத் திறந்தேன். ஒரு பிள்ளை டாய்லெட்டில் இருக்கிறது என்று சொன்னால் போதும். ஆனால் நான்கு பேர் ஃபுல் என்று சொல்லியாகிவிட்டது. ஒருவேளை அவள் அதற்குள் வந்திருப்பாள். அவர்கள் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியாதா? நடுவில் புகுந்து நான் எதையாவது சொல்லி, அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் மறுபடியும் ஒரு சிரிப்பு. இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் ரயிலின் கதவு திறந்தது, கூட்டம் தள்ளியது, உள்ளே போய்விட்டோம். ரயிலில் அவள் முகத்தைத் தேடினேன். நீலச் சுடிதார்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்று அவளுடையதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் கிளம்பிப் பாலத்துக்குப் போகும் சாலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நெரிசல். நான் எழுந்து கறிபாப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே பின்னால்வரை போனேன். திரும்பி வந்தபோது பையில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்று என்னுடையது.

சாரிடம் போய்ப் பையைத் திறந்து காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

"எனக்குப் போதும்மா, நல்லா இருந்துச்சு."

"ஒண்ணு மீந்திருக்கு சார். ஒரு பிள்ளை இல்ல."

அவர் எழுந்து நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். இருபத்து மூன்று. அவள் யார் என்பது உடனே தெரிந்தது. அதன்பின் பஸ்ஸில் சண்டைதான்.

"அவ உன் பார்ட்டுல்லா!" என்றாள் ஆல்ட்டோ லீடர்.

"என் பார்ட்டா?" என்றாள் சோப்ரானோ லீடர். "ஒரு நாளைக்கு இரவல் வந்தவ. என் ஆறு பேரும் இருக்கோம், எண்ணிக்கோ."

"காலையில சார் உன் பக்கம் அனுப்புனாருல்லா? நான் அஞ்சு பேர எண்ணிட்டு, ஆறாவது ஒங்கூட நிப்பான்னு ஃபுல்னு சொன்னேன்."

"நிப்பான்னா? எட்டிப் பாக்க வேண்டியதுதான?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்," என்றார் சார். அவர் முகம் வெளுத்திருந்தது. "எண்ணுனது தப்புதான். ஆனா சொல்லாம கொள்ளாம எங்க போனா அவ? யார்ட்ட பெர்மிஷன் கேட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ்ஸைத் திருப்பினால் ஆறரைக்குப் பட்டர்வொர்த் போக முடியாது. அவளிடம் போன் இல்லை. அது சாருடைய காலடிப் பையில் இருந்தது. ரயில் டிக்கெட்டும் இல்லை. குழு டிக்கெட் சாருடைய சட்டைப் பையில் இருந்தது.

"நான் போறேன் சார். நீங்க போயிருங்க. நான் பெர்ரிக் கப்பல்ல கூட்டிட்டு வர்றேன்."

யாரும் கேட்காமல் அன்று நானாக முன்வந்தது அதுதான் முதல் தடவை. டிரைவர் பஸ் ஸ்டாப் ஓரமாக நிறுத்தினார். "அக்கா, பயப்படாதீங்க. அது மலைதானே, எங்கயும் ஓடாது," என்றார்.

எதிர்ப்பக்கம் போய், போனில் கிராப் வாடகைக் கார் பிடித்தேன். ஆயர் ஈத்தாம் வந்து சேர ஐந்தேகால் ஆகிவிட்டது. கீழ் ஸ்டேஷனில் மேலே போகும் வரிசை வெளிவரை நின்றது. வரிசையைத் தாண்டிப் போய்க் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் வரிசையில்தான் நின்றேன். ஆனால் வரிசை நகரவேயில்லை. கதவருகே நின்ற மலாய்க்காரக் காவலாளியிடம் போய், "எஞ்சேக், புடாக் சாயா மேலே விட்டுப்போச்சு," என்று பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டேன். புடாக் சாயா, அதாவது என் பிள்ளை என்று ஏன் சொன்னேனோ தெரியாது. அதுதான் வாயில் வந்தது.

அவர் வாக்கி டாக்கியில் மேலே பேசினார். நீலச் சுடிதார்ப் பெண் ஒன்று ஸ்டேஷன் வாசலில் நிற்கிறதாம். அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பச் சொன்னார். மேலேயிருந்து வந்த பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவள் இறங்கமாட்டேன் என்கிறாளாம். வழி தவறினால் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருக்கிறாராம். யார் கூப்பிட்டாலும் வரமாட்டாளாம்.

"போங்கம்மா, போய் உங்க பிள்ளைய நீங்களே கூட்டிட்டு வாங்க," என்று மலாயில் சொல்லித் தடுப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

மேலே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் அதில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்காடு போட்ட ஸ்டேஷன் ஊழியர் அம்மா ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் அழவில்லை. "மணி என்ன ஆன்ட்டி?" என்றுதான் கேட்டாள்.

அஞ்சு முப்பத்தஞ்சு என்றேன்.

"ஆறரைக்குப் போயிருவோமா?"

"பாப்போம்," என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும்.

கீழே வந்து காரில் ஏறி, பெர்ரித் துறைக்குப் போகச் சொன்னேன். மீந்த கறிபாப்பைக் கொடுத்தேன். ஒரு வாய் கடித்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"உங்ககிட்டத்தான் ஆன்ட்டி சொல்லிட்டுப் போனேன். நீங்க பேப்பர் பாத்துட்டு இருந்தீங்க. காதுல விழலயோ?"

"ம்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு சத்தத்தை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள், விழவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

"என் தப்புதான். சத்தமா சொல்லியிருக்கணும். எனக்குச் சத்தம் வராது. பாட்டுல மட்டுந்தான் வரும்."

பிறகு அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு வருடமும் குரல் தேர்வில் அவளை எடுக்கவில்லை. கடைசி வருடம்தான் எடுத்தார்கள். இந்தப் பயணம் முடிந்து ஊருக்குப் போனால் தேர்வு எழுத வேண்டும், அதோடு கல்லூரியும் முடிந்தது, பாட்டும் முடிந்தது. சொல்லாமல் ஒரு நிகழ்ச்சிக்குத் தவறினவர்களை அந்தப் பயணத்தில் மறுபடி மேடையேற்றமாட்டாராம் சார். போன வருடம் ஒரு டெனர் பையன் கோயம்புத்தூரில் பிரியாணி சாப்பிடப் போய் நேரத்துக்கு வரவில்லையாம். மிச்ச நாலு ஊரிலும் அவன் ஹாலில் உட்கார்ந்து கேட்டானாம்.

"நாளைக்கு ஈப்போ. அப்புறம் கோலாலம்பூர்ல பெரிய ஹால். என்னைய உக்கார வச்சிருவாரு," என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. காரில் நாங்கள் இரண்டு பேரும், தமிழ் தெரியாத சீன டிரைவரும்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெர்ரிக்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடலைத் தாண்டும்போது அவள் நோட்டைத் திறந்து சோப்ரானோ வரியை வாய்க்குள் பாடிப் பார்த்தாள். ஆல்ட்டோ மனப்பாடமாம். சோப்ரானோதான் ஓரிரு இடத்தில் தடுமாறுகிறதாம். போனதும் எந்த வரிசையில் நிற்பது என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

பட்டர்வொர்த் கோவிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஏழேகால். பிரசங்கம் முடிந்து அவர்கள் கடைசிப் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். அவள் நடுவழியில் இரண்டு அடி முன்னால் போனாள். சார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆனால் பாடுகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கண் போன திசையில் சாரும் பாதி திரும்பிப் பார்த்தார். பார்த்தார், கூப்பிடவில்லை. கை அசைவு நிற்கவில்லை. அவள் பின்னால் வந்து கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தன் குழுவை அவள் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஆல்ட்டோ ரொம்ப மெதுவா இருக்கு," என்று என் காதில் சொன்னாள்.

ஆராதனை முடிந்து ஹாலில் தேநீரும் குய் பலகாரமும் வைத்திருந்தார்கள். பட்டர்வொர்த் சபைப் பெரியவர்கள் சாரைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்தே அவர் அவளைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"எங்க போன?"

"டாய்லெட் போனேன் சார்."

"யார்ட்ட சொல்லிட்டுப் போன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அவள் முன்கூட்டியே முடிவுசெய்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"யார்ட்டயும் சொல்லல சார்."

"ரூல் தெரியும்ல?"

"தெரியும் சார்."

பெரியவர் ஒருவர், "சின்னப் பிள்ள, விடுங்க சார்," என்றார். சார் தலையை ஆட்டினார். விடமாட்டேன் என்கிற ஆட்டல்.

"என்கிட்ட சொன்னா," என்றேன்.

சத்தம் எனக்கே கேட்கவில்லை. சார், "என்னம்மா?" என்றார். கையில் தேநீர்க் கோப்பையோடு ஐந்தாறு பேர் என்னைப் பார்த்தார்கள். முகம் தெரியாதவர்கள்.

"என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா சார். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"நீங்க கவனிக்கலையா?"

இங்கே ஒரு வழி இருந்தது. அவரே திறந்துவிட்ட வழி.

"கவனிச்சேன். கேட்டுச்சு. நீங்க ஃபுல்லான்னு கேக்கும்போது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் ஃபுல்னு சொன்னாங்க. நான் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"வாய் வரல சார்."

யாரோ ஒரு பெரியம்மா, "ஐயோ!" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றினார். என்னை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவருடைய மாணவி இல்லை, உட்கார வைப்பதற்கு. கடைசியில் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லிட்டுத்தான் போயிருக்க. அப்ப ரூல் உனக்கு இல்ல. ஈப்போல பாடு."

"எந்தப் பார்ட் சார்?"

"ஆல்ட்டோ. உன் எடத்துக்கே போ." லீடர்களைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே பார்ட் வாரியா எண்ண வேண்டாம். தலையை எண்ணுங்க."

அவர்கள் அன்றிரவு அந்தப் பக்கத்து வீடுகளில்தான் தங்கினார்கள். பஸ் ஏறும் இடம்வரை போனேன். டிரைவர், "அக்கா, இப்ப மைக்கு தரட்டா?" என்று கேட்டார். அவள் கடைசியாக ஏறினாள். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப கார்ல நான் கேட்டப்ப, உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"நான் என் தப்புன்னு சொல்லிட்டே வந்தேனே ஆன்ட்டி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. மன்னிப்பும் இல்லை. "சரி ஆன்ட்டி, வாரேன்," என்று உள்ளே போனாள். அவளுடைய இடம் பஸ்ஸின் மறுபக்கம். ஜன்னலில் தெரியவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை செயலாளர் சபை வாட்ஸ்அப் குழுவில் ஈப்போவில் எடுத்த வீடியோவைப் போட்டார். தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். ஆல்ட்டோ வரிசையில் கடைசியில் அவள் இருந்தாள். வாயைப் பெரிதாகத் திறந்து பாடினாள். போனைக் காதோடு வைத்து அவள் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. இடைவேளை மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.